தொலைந்தவர்கள் தொலைந்தே இருக்க உத்தரவு

அரசாங்கம் என்று ஒன்று இருந்தால் அது எதையாவது தேடிக்கொண்டிருக்க வேண்டும். தலைநகரில் தொலைந்த கோத்திரங்கள் தேடல் இயக்குநரகம் அப்படித்தான் உண்டானது. எந்தக் காலத்திலோ அசீரிய ராஜா இஸ்ரவேலின் பத்துக் கோத்திரங்களை வாரிக்கொண்டு போனான். போனவர்கள் போனவர்கள்தான், ஒரு தகவலும் இல்லை. அவர்கள் வாரிசுகள் நம் மலைகளில்தான் எங்கேயோ ஆடு மேய்க்கிறார்கள் என்று யாரோ கொளுத்திப்போட, அந்த வருஷம் ஊரெல்லாம் அதே மோகம். கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்பது போய், என்ன கோத்திரம் என்று கேட்டார்கள். ஒரு சலூன்காரன் ‘ஆசேர் கோத்திரத் தாடி இங்கே வெட்டப்படும்’ என்று பலகையே மாட்டிவிட்டான்.

பாமீர் மலையில் ஷிர்தோர் கிராமத்துத் தலைவர் ஷோதிக்கு இதெல்லாம் தெரியாது. அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. ஆற்றுப் பாலம் போய்விட்டது. பனி உருகி வந்த வெள்ளம் ஒரு வசந்தத்தில் அதை அடித்துக்கொண்டு போனது. அக்கரையில் வாக்கப்பட்ட ஒரே மகள் நிஸோ அக்கரையிலேயே நின்றுவிட்டாள். அதற்குப் பிறகு அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. சுற்றிப் போகலாம் என்றால் கணவாய் செங்குத்து, கைக்குழந்தையோடு நிஸோவால் ஏற முடியாது, ஷோதியின் முழங்கால் அவர் சொன்ன பேச்சைக் கேட்டு வருஷக்கணக்காகிறது. பேத்தியை அவர் ஒருதரம்கூடத் தூக்கியதில்லை. 

பாலத்துக்காக மனுப் போட்டார். பரிசீலனையில் உள்ளது என்றார்கள். மறுபடி போட்டார். பரிசீலனை பரிசீலனையில் உள்ளது என்றார்கள். பழம்பெருமை உள்ள கிராமமாக இருந்தால் உடனே கவனிப்போம் என்று ஒரு புண்ணியவான் காதில் போட்டு வைத்தான். அந்தச் சமயத்தில்தான் ஹெலிகாப்டர் வந்து இறங்கியது.

அதிலிருந்து இறங்கியவர்கள் மேன்மை தங்கிய இயக்குநர் ஸஃபரோவ், அவருடைய துணை இயக்குநர் ஹகிமோவ். ஸஃபரோவுக்கு வயிறு முன்னால் வரும், அவர் பின்னால் வருவார். ஹகிமோவ் ஒல்லி. இயக்குநரின் நாற்காலியை நினைத்து நினைத்தே இளைத்தவன்.

ஷிர்தோரில் ஒரு வழக்கம் உண்டு. வந்த விருந்தாளியிடம் ‘இல்லை’ என்ற சொல் வாயில் வரக்கூடாது. உப்பு இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, பின்வாசல் வழியாகப் பக்கத்து வீட்டுக்கு ஓடுவார்கள். விருந்தாளி என்றைக்குத் தன் கிண்ணத்தைத் தானே கழுவி வைக்கிறானோ அன்றைக்கு வீட்டு ஆள். அதற்கப்புறம்தான் அவனிடம் உண்மை பேசலாம்.

தலைநகரத்து அதிகாரி எந்தக் காலத்தில் கிண்ணம் கழுவினான்?

ஷோதியின் மனைவி சவ்சன் ஆட்டுக்கறி வேகவைத்துப் பரிமாறினாள். ஸஃபரோவ் எலும்பை உறிஞ்சிக்கொண்டே ஷோதியிடம் விசாரணையைத் தொடங்கினார்.

"கறியோட பால் சேர்த்துச் சாப்பிட மாட்டீங்கதானே?"

"ஆமாங்கய்யா, மாட்டோம்."

"ஏன்?"

"பால் கறக்கிற ஆட்டை வெட்ட மாட்டோம். வெட்டின ஆடு பால் கறக்காதுங்க."

ஸஃபரோவின் கையிலிருந்த எலும்பு அப்படியே நின்றது. "ஹகிமோவ், எழுதிக்கோய்யா! இஸ்ரவேலரோட வேதகாலத்து உணவு விதி. காரணத்தோட சொல்றான்!"

"உங்க பாட்டன் பூட்டன் மேற்கேயிருந்து வந்தவங்களா?"

"ஆமாங்க." அவருடைய தாத்தா மேற்கே மேய்ச்சலுக்குப் போய்த் திரும்பி வந்தவர்தான். அது பொய்யாகாது.

"பழசெல்லாம் ஒண்ணும் ஞாபகம் இருக்காதே?"

"ஆமாங்க, சுத்தமா இருக்காது."

"இதுதான்யா அத்தாட்சி! உண்மையிலேயே தொலைஞ்சவனுக்குத் தான் தொலைஞ்சது தெரியாது. தொலைஞ்சுட்டேன்னு எவன் சொல்றானோ அவன் போலி. இதையே விதியாப் போடு, நான் கையெழுத்துப் போடறேன்."

அன்று வெள்ளிக்கிழமை. பொழுது சாய்ந்ததும் ஊரில் ஒவ்வொருவராக விளக்கை எடுத்துக்கொண்டு ஆற்றோரம் வந்து நின்றார்கள். ஷோதியும் நின்றார். ஸஃபரோவ் அங்கேயே மண்டியிட்டுவிட்டார்.

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்! இஸ்ரவேலர் ஓய்வுநாளுக்கு ஏத்தற விளக்கு! ஷோதி, இது ஆதிகாலத்து வழக்கம்தானே?"

அக்கரையில் வெள்ளிக்கிழமைதான் சந்தை. சந்தை முடிந்து நிஸோ ஆற்றோரம் வந்து, குழந்தையைத் தூக்கி விளக்கு வெளிச்சத்தில் காட்டுவாள். இங்கேயிருந்து ஷோதி தன் விளக்கைத் தூக்கிக் காட்டுவார். ஆற்றுச் சத்தத்தில் பேச்சு கேட்காது. அக்கரையில் உறவு உள்ள எல்லா வீட்டிலும் இதே கதைதான். பாலம் போன வருஷம் பிறந்த வழக்கம் அது.

சவ்சன் அவர் முதுகில் விரலால் குத்தினாள். "வாயைத் திறந்து சொல்லித் தொலையுங்களேன், பாலம் போனதாலதான் விளக்குன்னு!"

"விருந்தாளி மூஞ்சிக்கு நேரா இல்லைன்னு சொல்லச் சொல்றியா? ஊர் காறித் துப்பும்டி. அதோட பழம்பெருமை இருந்தா பாலம் வரும்னாங்கல்ல?" என்று கிசுகிசுத்துவிட்டு, இயக்குநரைப் பார்த்துச் சொன்னார்: "ஆமாங்கய்யா. ஆதிகாலம்."

மறுநாள் ஊரைக் கூட்டி ஸஃபரோவ் தன் கை ஒலிபெருக்கியில் பிரகடனம் செய்தார். இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது என்னவென்றால், ஷிர்தோர் மக்கள் தொலைந்த பத்தில் ஒன்றான நப்தலி கோத்திரத்தார் என்று ஐயந்திரிபறக் கண்டுபிடிக்கப்பட்டுள்ளனர். எல்லோரும் கைதட்டினார்கள். ஷோதி குனிந்து கும்பிட்டார்.

"அய்யா, அப்போ பாலம்..."

"பாலமா?" ஸஃபரோவ் பதறிப்போனார். "பாலம் போட்டா நாலு பேர் வருவான், நாலு பேர் போவான். அப்புறம் நீங்க எப்படித் தொலைஞ்சவங்க? உங்க தொலைவுதான்யா நாட்டோட சொத்து! இன்னையிலிருந்து இந்த ஊருக்குப் பாலம், சாலை, ஹெலிகாப்டர் எல்லாத்துக்கும் தடை. விளக்கு மட்டும் தவறாம ஏத்தணும். அது சட்டம்."

ஷோதி பக்கத்தில் இருந்த பாறையில் உட்கார்ந்துவிட்டார்.

"‘ஆமாம் சாமி’ இன்னும் போடுங்க," என்றாள் சவ்சன் புருஷனிடம். "நல்லாப் போடுங்க."

உத்தரவை எடுத்துக்கொண்டு ஹகிமோவ் முதலில் பறந்தான். விளக்குகளோடு நின்று நாலு படம் பிடித்துக்கொண்டு அடுத்த வாரம் வருவதாக ஸஃபரோவ் தங்கினார். அடுத்த வாரம் ஹெலிகாப்டர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. அவர் போட்ட தடை தடைதான். ஸஃபரோவ் கணவாய்வரை போய், அண்ணாந்து பார்த்துவிட்டு, வயிற்றைத் தடவிக்கொண்டே திரும்பினார்.

சில மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை அக்கரையில் கார்கள் வந்து நின்றன. இயக்குநர் ஹகிமோவ் இறங்கினார். ஆம், இப்போது அவர்தான் இயக்குநர். கொஞ்சம் சதை போட்டிருந்தார். கூட வந்தவர்கள் மோகக்காரக் கூட்டம், எல்லோரும் நப்தலி மோஸ்தர் தொப்பி. அடுத்த பள்ளத்தாக்கில் ஒரு கிராமம் கோத்திரப் பட்டம் வேண்டித் தன் பாலத்தைத் தானே உடைத்துக்கொண்டு விண்ணப்பித்திருந்தது. அதைப் பார்வையிட்டுவிட்டு வருகிற வழியாம்.

ஒலிபெருக்கி இரண்டு கரையிலும் இருந்தது. ஸஃபரோவ் தன்னுடையதை வாயில் வைத்து அலறினார்.

"ஹகிமோவ்! நான் இங்கே மாட்டிக்கிட்டேன்யா! தொலைஞ்சு போயிட்டேன்!"

அக்கரையிலிருந்து மரியாதையாகப் பதில் வந்தது. "தொலைஞ்சுட்டேன்னு எவன் சொல்றானோ அவன் போலி. விதி தங்களோடதுதான், கையெழுத்தும் தங்களோடது."

"அப்போ நான் தொலையலைன்னே வச்சுக்கோ!"

"தொலையாதவரைத் தேட எங்களுக்கு அதிகாரம் இல்லைங்களே. வணக்கம்."

ஸஃபரோவ் ஒலிபெருக்கியைக் கீழே போட்டார். ஷோதி வீட்டுக்கு வந்து உட்கார்ந்தார். சவ்சன் அவருடைய கிண்ணத்தை எடுத்து அவர் கையிலேயே கொடுத்து ஓடைப் பக்கம் கைகாட்டினாள். அவர் எழுந்து போனார். தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து கவிழ்த்து வைத்தார். 

"ஷோதி, உண்மையைச் சொல்லு. பாலம் வருமா?"

ஷோதி கவிழ்த்து வைத்த கிண்ணத்தைப் பார்த்தார்.

"வராது," என்றார். அந்தச் சொல்லை அவரிடம் சொல்லும்போது ஷோதிக்கு நெஞ்சு லேசானது. அப்புறம் வலித்தது.

வெளியே இருட்டத் தொடங்கியிருந்தது. அக்கரையில் நிஸோ நின்றாள். குழந்தை இப்போது தன் காலிலேயே நின்றது. கொஞ்சம் தள்ளி, தலைநகரத்துச் சால்வை போர்த்திய ஒரு அம்மாள் யாரையோ தேடுகிற மாதிரி இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"உன் வீட்டம்மாவா அது?"

ஸஃபரோவ் தலையாட்டினார். 

ஷோதி இன்னொரு விளக்கை ஏற்றி அவர் கையில் கொடுத்தார். "நல்லாத் தூக்கிப் பிடி. இன்னும் மேல."

அக்கரையில் தொப்பிக்காரர்கள் ஓடிவந்து படம் பிடித்தார்கள். நப்தலி கோத்திரம் பெருகிவருகிறது என்று இயக்குநர் ஹகிமோவ் குறித்துக்கொண்டார்.