நான்கு பச்சைக் கட்டமும் ஒரு மத்லப்காரரும்

மும்பைத் தமிழர்களுக்குள் ஓர் இனம் உண்டு. மத்லப்காரர்கள். மத்லப் என்றால் இந்தியில் அர்த்தம். எதிலாவது அர்த்தம் கண்டுபிடிக்காமல் இவர்களுக்குச் சோறு இறங்காது. குர்லாவுக்கு முன்னால் ரயில் சும்மா கொஞ்ச நேரம் நின்றால் நாமெல்லாம் கைக்குட்டையால் விசிறிக்கொள்வோம்; மத்லப்காரர் "இது ஏன் இங்கே நிற்கிறது என்று யோசித்தால்" என்று தொண்டையைச் செருமுவார். சாதாரண ரகம் அரசியலோடும் கிரிக்கெட்டோடும் நின்றுவிடும். முற்றிய ரகம் ஒன்று இருக்கிறது. அது பழைய வீடியோ கேமைப் பிடித்துக்கொள்ளும்.

சுனாபட்டியில் குடியிருக்கும் மகேஷ்குமார் முற்றிய ரகம். பகலில் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை. மற்ற நேரமெல்லாம், தொண்ணூறுகளில் டிவியோடு ஒரு பெட்டியை இணைத்துக் கேசட் செருகி விளையாடிய கேம்களில் வரும் கடுகளவு படங்களை உற்றுப் பார்ப்பது. சுவர் தாண்டும் குள்ளன் ஒருவன் வரும் கேமில், திரையின் வலது மூலையில் நான்கு பச்சைக் கட்டங்கள் இருக்கும். விளையாடுகிற யாரும் அதைப் பார்ப்பதில்லை. பார்த்தால் குள்ளன் குழியில் விழுந்துவிடுவான். செம்பூரில் ஒரு தமிழ்ச் சங்க விழாவில் அந்த நான்கு கட்டங்களைப் பற்றி மகேஷ்குமார் ஒன்றரை மணி நேரம் பேசியிருக்கிறார். முதல் கட்டம், ஊரை விட்டு வந்தவனின் துயரம். இரண்டாவது, தாய்மொழி. மூன்றாவதில் மைக்செட்காரர் தூங்கிவிட்டார். நான்காவதற்கு வரும்போது பந்தி தொடங்கிவிட்டதால், அது இன்றுவரை உலகுக்குக் கிடைக்கவில்லை.

இவருக்குப் பெண் கொடுக்கத் தாராவியில் ஒரு வீடு தயாராக இருந்தது. எவர்சில்வர் பாத்திரக் கடை பூதத்தானின் மகள் இசக்கிசெல்வி, கூரியர் அலுவலகத்தில் வேலை பார்ப்பவள். போட்டோவில் ஆள் நன்றாகத்தான் இருந்தார். பேசிப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று அம்மா தங்கமயிலிடம் சொல்லியிருந்தாள். வேண்டாம் என்றால் சீக்கிரம் சொல்லிவிட வேண்டும் என்பதும் அவளுக்குத் தெரியும். ஏனென்றால் பெண் பார்க்க வந்த அன்றே மாப்பிள்ளையின் அம்மா முருகம்மாள் கைப்பையில் பிச்சிப்பூச் சரத்தோடு வந்திருந்தாள். அந்தப் பூ பெண்ணின் தலையில் ஏறிவிட்டால் கதை முடிந்தது. அவர்கள் வழக்கத்தில், பூ வைத்த பிறகு பின்வாங்குவது என்ற பேச்சே கிடையாது.

அல்வா வந்தது, மிக்சர் வந்தது, பெண்ணும் வந்தாள். மகேஷ்குமார் பெண்ணைப் பார்க்கவில்லை. டிவிக்குக் கீழே தூசி படிந்து கிடந்த, அவள் அண்ணனுடைய பழைய கேம் பெட்டியைப் பார்த்தார்.

"இது ஓடுமா?"

வருங்கால மருமகன் வாய் திறந்து கேட்டுவிட்டார். பூதத்தான் டிவிக்குப் பின்னால் புகுந்து வயரைச் செருகினார். குள்ளன் வந்தான். மகேஷ்குமார் ஆட்டத்தை நிறுத்திவைத்து, திரையின் மூலையில் விரலை வைத்தார்.

"இதப் பாத்தா உங்களுக்கு என்ன தோணுது?" இசக்கிசெல்வியிடம் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

"புல்லு."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க. நாலுல ஒண்ணு மட்டும் தள்ளி நிக்குது பாருங்க. மத்லப், அது யாரையோ விட்டுட்டுப் போகுது."

"புல்லு தள்ளித் தள்ளித்தான மொளைக்கும்" என்றார் பூதத்தான், உதவுகிற எண்ணத்தில்.

"பாத்தீங்களா. மாமாவுக்குள்ளயும் அந்த வலி இருக்கு."

பூதத்தான் நெஞ்சைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

இசக்கிசெல்வி காப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். மகேஷ்குமார் டம்ளரையும் விடவில்லை.

"எனக்கு எட்டாத எடத்துல வெச்சிருக்கீங்க. மத்லப்..."

"ஸ்டூல்ல எடம் அங்கதான் இருந்துச்சு."

"கரெக்ட். எடம். நீங்க உங்க எடத்தத் தேடுறீங்க."

அவளுக்கு ஒரு முழு ஆயுளும் கண்முன் ஓடியது. தலைவலி என்று சொன்னால் மாத்திரை வராது, விளக்கம் வரும். குழம்பில் உப்புக் குறைந்தால் அதற்கும் அவளுடைய சின்ன வயதுக்கும் முடிச்சு விழும். தூங்கினாலும் நிம்மதி கிடையாது, எந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாள் என்று ஒருவர் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருப்பார். ஆறிப்போன டம்ளரை எடுத்தபடியே, தங்கமயிலிடம் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"யம்மா, எனக்கு இவங்க வேண்டாம்."

பிறகு என்ன நடந்திருக்க வேண்டும்? வந்தவர்கள் எழுந்து போயிருக்க வேண்டும். நடந்தது வேறு. அந்த அறையில் இருந்த மத்லப்காரர் ஒரே ஒருவர் அல்ல என்பது தெரிந்தது.

"வெக்கப்படுதா" என்றாள் முருகம்மாள். "எங்க மூத்த மருமவளும் இப்பிடித்தான் சொன்னா. இப்பம் ரெண்டு பிள்ள."

"எங்கள விட்டுப் பிரியணும்லா மைனி, அந்த வருத்தத்துல சொல்லுதா" என்றாள் தங்கமயில்.

"தலையக் குனிஞ்சுல்லா சொன்னா" என்றார் பூதத்தான். "குனிஞ்சாலே சம்மதம்தான்."

"டம்ளர எடுக்கக் குனிஞ்சேம்ப்பா."

மகேஷ்குமார் கையை உயர்த்தி எல்லோரையும் அமர்த்தினார். இவர்களெல்லாம் கற்றுக்குட்டிகள். "அவங்க அத என்னப் பாத்துச் சொல்லல. அம்மாவப் பாத்துச் சொன்னாங்க. மத்லப், அது எனக்கான பதிலே இல்ல."

"சரி, உங்களப் பாத்தே சொல்லுதேன். நீங்க எனக்கு வேண்டாம்."

"கண்ணுல கோவம் தெரியுது" என்றார் அவர், மிகுந்த திருப்தியோடு. "அக்கறை இல்லாத எடத்துல கோவம் வராது."

அது போதுமாக இருந்தது முருகம்மாளுக்கு. பையைத் திறந்து பிச்சிப்பூவை எடுத்துக்கொண்டு எழுந்துவந்தாள். தங்கமயில் மகளின் பின்னலைச் சரிசெய்யக் கை நீட்டினாள். பூ காதுவரை வந்துவிட்டது. இசக்கிசெல்வி முருகம்மாளின் கையைப் பிடித்து, சரத்தைப் பதமாக வாங்கி, அந்த அம்மாளின் பைக்குள்ளேயே வைத்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

"வாடிரும் அத்த. வீட்டுக்குக் கொண்டுபோயி சாமிக்குப் போடுங்க."

இதற்கு முருகம்மாளிடம் மத்லப் இல்லை. செருப்பைத் தேடினாள். பூதத்தான் டிவியை அணைத்தார். தங்கமயில் அல்வாத் தட்டோடு உள்ளே போனவள், அன்று முழுக்க மகளோடு பேசவில்லை.

மகேஷ்குமார்? டாக்சியில் ஏறியதும் இசக்கிசெல்விக்கு ஒரு செய்தி அனுப்பினார். அந்த ஜிப்பின் சத்தம் தனக்குள் இன்னும் கேட்கிறது என்று தொடங்கி, மூன்று பத்தி. ஒரே ஒரு டிக் விழுந்தது. அவளுடைய போட்டோ மறைந்து, அந்த வட்டத்தில் கண்ணும் மூக்கும் இல்லாத சாம்பல் நிறத் தலையும் தோளும் வந்து நின்றன. அவர் அதை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"அவ ஒன்ன பிளாக் பண்ணிட்டால. போன உள்ள வையி" என்றாள் முருகம்மாள்.

"இல்லம்மா. மொகத்த மட்டும் எடுத்திருக்கா, தோள விட்டு வெச்சிருக்கா. மத்லப்..."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கடைசியாக ஒருவர் உங்களுக்கு 'ம்' என்று மட்டும் பதில் அனுப்பியபோது, அதை 'ம்' என்றே எடுத்துக்கொண்டு போனைக் கீழே வைத்தீர்களா? அதுகூடப் போகட்டும். இசக்கிசெல்வி ஏன் பூவைத் தூக்கி எறியவில்லை, அவ்வளவு பதமாக ஏன் வாங்கினாள், ஒருவேளை உள்ளுக்குள் ஏதாவது இருந்திருக்குமோ என்று இந்த நிமிடம் உங்களுக்கு ஓடுகிறதா? ஓடுகிறது என்றால் தயங்க வேண்டாம். டாக்சியில் இன்னும் ஓர் இடம் இருக்கிறது. முருகம்மாள் கொஞ்சம் நகர்ந்து உட்காருவாள்.