அழகேசனுக்கு வந்த அத்திப்பழங்கள்

ஒரு காட்டில், மரங்களைவிட மனுக்கள் அடர்த்தியாக வளர்ந்திருந்த காலத்தில், ஓர் இருவாச்சிப் பறவைக் குடும்பம் இருந்தது. கணவன் பெயர் அழகேசன். மனைவி பெயர் செங்கமலம். அழகேசனுக்கு நீண்ட மஞ்சள் அலகு, அதன் மேல் ஒரு கொண்டை. அந்தக் கொண்டையின்மேல் அவனுக்கே ஏகப்பட்ட மரியாதை.

இருவாச்சிகளின் வழக்கம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். தெரியாவிட்டால் சொல்கிறேன். முட்டையிடும் காலம் வந்ததும் மனைவி ஒரு மரப்பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை உள்ளிருந்தே மண் வைத்துப் பூசி அடைத்துக்கொள்வாள். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் மிச்சம் வைப்பாள். பிறகு சிறகுகளையும் உதிர்த்துவிடுவாள். பிள்ளை பொரிந்து வளரும்வரை கணவன் கீறல் வழியே ஊட்டும் பழம்தான் தாய்க்கும் பிள்ளைக்கும் சாப்பாடு. இந்த ஏற்பாட்டை முதலில் யோசித்தது நிச்சயமாக ஓர் ஆண்தான். பெண் யோசித்திருந்தால் உள்பக்கம் ஒரு தாழ்ப்பாளாவது வைத்திருப்பாள்.

பிள்ளை பொரிந்த எட்டாம் நாள் அழகேசன் பழத்தோடு வரவில்லை. ஒன்பதாம் நாள் செங்கமலத்தின் செல்போனுக்கு ஒரு செய்தி மட்டும் வந்தது.

'நமக்குள் ஒத்துப்போகவில்லை. எப்போது பார்த்தாலும் நீ வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறாய். பிரிந்துவிடுவோம். பிள்ளைக்கு என் முத்தங்கள்.'

முத்தத்தைத் தின்று எந்தப் பிள்ளையும் இதுவரை வளர்ந்ததில்லை. பொந்துக்குள் பிள்ளை பசியில் கத்தியது. அந்தச் சத்தம் கேட்டு, கீழ்க்கிளையில் குடியிருந்த வேலாத்தாள் என்ற மலையணில் இரண்டு பழங்களைக் கவ்வி வந்து கீறலுக்குள் தள்ளினாள். அவளும் புருஷன் விட்டுப்போனவள்தான். அவளுக்கே மூன்று பிள்ளைகள்.

"என்னால முடிஞ்சது இவ்வளவுதானுங்க அக்கா," என்றாள் வேலாத்தாள். "ஆனா பிள்ளை நலத்துறைன்னு ஒண்ணு இருக்குது. தகப்பன் கைவிட்ட பிள்ளைக்குத் தினம் பத்து அத்திப்பழம் தர்றாங்களாம். மனு எழுதிக் குடுங்க, நான் கொண்டுபோறேன்."

நலத்துறையில் முள்ளம்பன்றிதான் எழுத்தர். தன் முதுகில் இருந்தே ஒரு முள்ளைப் பிடுங்கி எழுதுகிற சிக்கனக்காரர். மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"தகப்பன் எதுவும் குடுக்கறதில்லைன்னு சான்றிதழ் வேணுமே."

"அதை யாருங்க தருவாங்க?"

"வேற யாரு, தகப்பன்தான். அவரு கையெழுத்துப் போட்டாத்தான் செல்லும்."

வேலாத்தாள் கிளைக்குக் கிளை தாவி அழகேசனைத் தேடிப்பிடித்தாள். அவன் பழுத்துத் தொங்கும் ஓர் அத்திமரத்தில் உட்கார்ந்து, வேறொரு பெண் இருவாச்சிக்கு முன்னால் கொண்டையை ஆட்டிக் காட்டிக்கொண்டிருந்தான்.

"கையெழுத்தா? பிள்ளைக்கு ஒண்ணும் குடுக்கலைன்னு நானே எழுதிக் குடுத்தா என் மானம் என்னத்துக்கு ஆகறது? என்னைப் பார்த்தா பொறுப்பில்லாதவன் மாதிரியா தெரியுது?"

"அப்படீன்னா பழத்தைக் குடுங்க."

"அது வேற விஷயம்," என்றான் அழகேசன்.

ஆனால் மானத்தைப் பற்றிய பேச்சு அவன் மனசில் தங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை அலகைக் கழுவி, அதில் ஓர் அத்திப்பழத்தைக் கவ்விக்கொண்டு பொந்துக்கு வந்தான். கீறலுக்குள் அவன் பழத்தை நீட்டியதும் பிள்ளை வாயைப் பிளந்தது. அவன் பழத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"அப்படியே இரு கண்ணு. வாயை மூடிராத."

காலில் செல்போனைப் பிடித்துப் பன்னிரண்டு படம் எடுத்தான். வெளிச்சம் நன்றாக விழுந்தது பன்னிரண்டாவது படத்தில்தான். பிறகு பழத்தைத் தானே விழுங்கிவிட்டுப் பறந்துபோனான். பிள்ளை வெகுநேரம் வாயைத் திறந்தபடியே இருந்தது.

பொழுது சாய்வதற்குள் படம் காடு முழுக்கச் சுற்றியது. 'நீ இல்லாமல் நான் இல்லை மகளே' என்று கீழே எழுதியிருந்தான். அது மகளா மகனா என்று அவன் கேட்டதே இல்லை. மயில் ஏழு இதயம் போட்டது. மயிலும் தன் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்ததில்லை, ஆனால் பாசமான படங்களென்றால் அதற்கு உயிர். எழுத்தர் படத்தை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்து, 'தகப்பன் ஊட்டுவது தெளிவாகத் தெரிவதால் மனு நிராகரிக்கப்படுகிறது' என்று எழுதி முடித்தார்.

செங்கமலத்துக்கு ஆத்திரத்தில் அழுகைகூட வரவில்லை. அதற்குள் பிள்ளை கத்துவதையும் நிறுத்தியிருந்தது. கத்தியபோது இல்லாத பயம் இப்போதுதான் அவளுக்கு வந்தது. ஜீவனாம்ச மன்றத்துக்கு ஒரு மனு எழுதி, வேலாத்தாளிடம் கொடுத்து அனுப்பினாள்.

மன்றத்தின் நீதிபதி ஒரு கொம்பன் யானை. ஐந்து கூட்டங்களில் ஒன்பது பிள்ளைகளுக்குத் தகப்பன், எந்தக் கூட்டத்திலும் ஒரு மாதம் தங்கியதில்லை. இந்த விவகாரங்களில் அவருக்கு நல்ல அனுபவம் உண்டு என்று சொல்லித்தான் பதவியைக் கொடுத்திருந்தார்கள். மனுவின் மேல் அவர் ஒரே வரி எழுதினார். மனுதாரர் நாளை மறுநாள் நேரில் வர வேண்டும், இல்லையென்றால் தள்ளுபடி.

செங்கமலம் தானே பூசிய சுவரை அலகால் இடித்தாள். சிறகில்லாத உடம்போடு பாதி வழுக்கியும் பாதி விழுந்தும் மரத்திலிருந்து இறங்கினாள். பிள்ளையை வேலாத்தாள் முதுகில் ஏற்றிக்கொண்டாள். ஒன்றரை நாள் நடந்து மன்றத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். வேடிக்கை பார்க்கப் பாதிக் காடு அங்கே கூடியிருந்தது.

அழகேசன் கொண்டையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். "ஐயா, அவளுக்குச் சொந்தமா வீடு இருக்குது. நான் கிளையில படுத்துக் கிடக்கறேன். அவ வெளிய வர்றதில்லை, பறக்கறதில்லை. வீட்டுக்குள்ளயே இருக்கறவளுக்கு என்னங்க செலவு?"

கொம்பன் தலையாட்டினார். செங்கமலத்தின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, பொந்துக்குள்ள அடைஞ்சு கிடக்கற தாய்க்குத்தான் புருஷன் பழம் குடுக்கணும்னு சட்டம். நீதான் வெளிய வந்துட்டியே."

"நீங்கதானே ஐயா நேர்ல வரச் சொன்னீங்க."

"சொன்னேன். வந்ததுனால உரிமை போச்சு. வராம இருந்திருந்தா மனு போயிருக்கும். மன்றம் என்னம்மா பண்ணும்?"

செங்கமலம் பிள்ளையைப் பார்த்தாள். அதன் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. வேலாத்தாளின் முதுகிலிருந்து அதை இறக்கி அழகேசனின் காலடியில் வைத்தாள்.

"எனக்கு ஜீவனாம்சம் வேண்டாங்க ஐயா. பிள்ளையை அவரே வச்சுக்கட்டும். ஞாயித்துக்கிழமை வந்து பார்த்துட்டுப் போற உரிமை எனக்குப் போதும்."

அழகேசனின் அலகு வெளுத்துவிட்டது. "நானா? எனக்கு எத்தனை வேலை..." என்று தொடங்கி நிமிர்ந்தான். நாற்பது செல்போன்கள் அவனைப் படம் எடுத்துக்கொண்டிருந்தன. சட்டென்று பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு சிரித்தான்.

அன்று மாலையே காடு உருகத் தொடங்கியது. "ஐயோ பாவம், ஆம்பளை ஒத்தையில கைப்பிள்ளையை வச்சுக்கிட்டு என்ன பாடு படறாரோ!" என்று குரங்குகள் பழக்குலையோடு வந்தன. கரடி தேனடை கொண்டுவந்தது. மயில் நிதி திரட்டியது. முள்ளம்பன்றி எழுத்தரே மரத்தடிக்கு நடந்து வந்து பிள்ளைப்படி பத்துப் பழத்தோடு, தனித்து வாழும் தகப்பன்களுக்கான சிறப்புப்படி என்று இன்னும் பத்துப் பழத்தையும் கொடுத்தார்.

"சான்றிதழ் வேண்டாங்களா?" என்று கேட்டாள், அந்தப் பக்கமாக வந்த வேலாத்தாள்.

"எதுக்கு? தாய் விட்டுட்டுப் போனதுதான் பார்த்தாலே தெரியுதே!"

"நான் மூணு பிள்ளையோட ஆறு வருஷமா இதே காட்டுலதாங்க இருக்கறேன்."

"இருங்கம்மா. யாரு வேண்டாங்கறா?" என்றார் எழுத்தர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை செங்கமலம் நடந்து போய்ப் பார்த்தாள். பிள்ளைக்குக் கழுத்துத் தெரியவில்லை, அவ்வளவு தேறியிருந்தது. இரண்டு பழத்தை ஒரே மூச்சில் விழுங்கிவிட்டு மூன்றாவதற்கு ஊரைக் கூட்டியது. அந்தக் கத்தலைக் கேட்டு அவளுக்கு உயிர் வந்தது. கூடவே வயிறும் எரிந்தது. இத்தனை பழமும் இத்தனை நாளாக இந்தக் காட்டில்தானே இருந்தது!

கிளம்பும்போது அவளிடம் மன்றத்தின் உத்தரவு ஒன்றை நீட்டினார்கள். 'மனுதாரர் பொந்தைவிட்டு வெளியே வந்து உழைக்கும் நிலையில் இருப்பதால், பிள்ளையை வளர்க்கும் தகப்பனுக்கு நாள்தோறும் ஆறு அத்திப்பழம் ஜீவனாம்சமாகத் தர வேண்டும்.'

சிறகு முளைக்க இன்னும் இரண்டு மாதம் இருந்தது. மரத்தடிகளில் உதிர்ந்து கிடந்த பழங்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றாக அலகில் கவ்வி, தினமும் ஆறு நடை நடந்து கொண்டுபோய் வைத்தாள். ஒரு நாளும் தவறவில்லை. அவள் வழியில் போவதைப் பார்க்கும்போதெல்லாம் மான்கள் மேய்ச்சலை நிறுத்திவிட்டுத் தங்களுக்குள் பேசிக்கொண்டன.

"பெத்த பிள்ளையை விட்டுட்டு ஊர் சுத்தறா பாரு."

நீதி: பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது என்று நினைக்கும் தாய், அதைக் கைவிட்டுப் போன தகப்பனைத் தேடிப்பிடித்து அவனிடமே கொடுத்துவிட வேண்டும். தாய் கையில் இருக்கும்வரை அது அவள் பிள்ளை; தகப்பன் கைக்குப் போன பிறகுதான் அது ஊர்ப்பிள்ளை.