கீழ்வீட்டுக் கூரைக்கு நாங்கள் போட்ட வெந்நீர்க் குழாய்

ஹார்பின், டிசம்பர் 9

அன்புள்ள தங்கை வென்ஷுவாங்குக்கு,

அக்கா எழுதுவது. சான்யாவில் கடலும் வெயிலும் நீயும் உன் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே மைனஸ் இருபத்தாறு. அதைத் தவிர எல்லோரும் நலம். போனில் சொன்னால் நீ சிரிப்பாய்; காகிதத்தைப் பார்த்துச் சிரித்தால் எனக்குக் கேட்காது.

இந்தக் குளிர்காலத்தில் அப்பாவின் கால்களைச் சூடாக வைத்துக்கொண்டால் அவர் என்னோடு இருக்கலாம், இல்லாவிட்டால் உன்னிடம் அனுப்ப வேண்டும் என்று பேசியிருந்தோம். நான் தோற்றுவிட்டேன். விமான டிக்கெட் எடுத்துவிடு.

சுவரோரத்து ரேடியேட்டர்கள் காற்றைத்தான் சூடாக்குகின்றன, கால் சில்லென்றே கிடக்கிறது என்று, நகர வெப்ப நிலையத்திலிருந்து அவற்றுக்கு வரும் அதே வெந்நீர்க் குழாயிலிருந்து கிளை பிரித்துக் கூடத்துக்கும் அப்பாவின் அறைக்கும் தரைக்கடியில் குழாய் போட ஜூலையில் லுவான் மேஸ்திரியைக் கூப்பிட்டோம். கீழ்வீட்டுக் குவான், ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், முதல் நாளே ஏறி வந்து, தன் தலையில் ஒரு சொட்டுத் தண்ணீர் விழுந்தாலும் எங்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்றார். மேஸ்திரி, அடியில் சூடு கீழே இறங்காமலிருக்க நுரைப் பலகை, அதன்மேல் குழாய், அதன்மேல் சிமெண்ட் என்றார். சரிதான். ஆனால் அளந்து பார்த்தால், தரை அவ்வளவு உயர்ந்தால் பால்கனிக் கதவு உள்பக்கம் திறக்காது. இரட்டைக் கண்ணாடிக் கதவு, அறுக்கவும் முடியாது. குளிர்காலத்துக்கு நாம் வாங்கி அடுக்கும் முட்டைக்கோஸும், அதைப் புளிக்கவைக்கும் ஜாடியும் அந்தப் பால்கனியில்தானே? அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. "புளிச்ச கோஸ் இல்லாத வீட்ல கால் மட்டும் சூடா இருந்து என்னத்துக்கு?" என்றார். மேஸ்திரி ஒரு சிகரெட் முழுக்க யோசித்துவிட்டு, "பலகைய எடுத்துட்டா கதவு தொறக்கும், டீச்சர். சூடு எப்பவும் மேலதான போகும்?" என்றார். நான் இருபத்து நான்கு வருடமாக இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். சூடான காற்றுதான் மேலே போகும், சூடான சிமெண்ட் கீழேயும் கொடுக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும், உன் அத்தானும் அப்பாவும் பால்கனிக் கதவையே பார்த்துக்கொண்டு நின்றதில் வாயை மூடிக்கொண்டேன்.

அக்டோபரில் வெந்நீர் விட்டார்கள். ஒரு சொட்டுக்கூடக் கசியவில்லை. கசிந்திருந்தால் உடைத்தாவது திருத்தியிருப்போம். தண்ணீரில் பாதி தரைக்குப் போய்விட்டதால் பழைய ரேடியேட்டர்களும் வெதுவெதுப்போடு நின்றுவிட்டன. வீட்டில் பதினாறு டிகிரி. புகார் செய்தேன். வெப்ப நிலையத்து ஆள் தெர்மாமீட்டரோடு வந்து, கூடத்தின் நடுவில் நின்று பார்த்து, அப்புறம் தரையைப் பார்த்து, அனுமதியில்லாமல் குழாயை மாற்றிய வீட்டுக்குப் புகார் செய்யும் உரிமையே கிடையாது என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். மறுநாள் குவான் வந்தார். பனியனோடு வந்தார். கையில் ஜன்னலுக்கு வெளியே உறையவைத்த பேரிக்காய் ஒரு பை. "டீச்சர், முப்பது வருஷத்துல இப்படி ஒரு குளிர்காலம் பாத்ததில்ல. ஜன்னலத் தொறந்து வெச்சாத்தான் உக்கார முடியுது." நான் கம்பளிக் கோட்டுப் போட்டபடி பையை வாங்கிக்கொண்டேன்.

இப்போது அப்பா காலைக் கஞ்சி குடித்ததும் சதுரங்கப் பலகையோடு கீழே இறங்கிவிடுகிறார். கோஸ் சூப்புக்குத்தான் மேலே வருகிறார். அங்கே கால் சூடாக இருக்கிறதா என்று கேட்டேன். "கால் இல்லம்மா, தலை. நம்ம வீட்டுச் சூடுதானே, நானே போயி வாங்கிக்கறேன்" என்றார்.

இன்று காலை அவருக்குச் சாக்ஸ் போட்டுவிடும்போது பாதத்தைத் தொட்டேன். குவானின் பேரிக்காய் போல இருந்தது. அதனால்தான் டிக்கெட் எடுக்கச் சொல்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை. நீயே சொல்.

உன் வீட்டுக்காரருக்கு என் அன்பு, குழந்தைகளுக்கு ஆசி. எல்லோர் கால்களும் சூடாக இருக்கட்டும்.

அக்கா,
வென்ஷ்யூ

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகும்போது மேல்வீட்டை வாங்கிய புதுப்பெண் ஃபாங் கல்யாண மிட்டாய் கொண்டுவந்தாள். குளிர்காலம் தொடங்கியதிலிருந்து அந்த வீடு வெந்நீர் வால்வு மூடிப் பூட்டியே கிடக்கிறது. ஆகஸ்டில் அங்கே கேட்ட சத்தம் டைல்ஸ் வேலை என்று நினைத்திருந்தேன். "ஞாயித்துக்கிழமை குடி வர்றோம் டீச்சர். லுவான் மேஸ்திரிதான் தரை போட்டாரு, உங்க வீடு மாதிரியே, பலகை இல்லாம. சூடு நல்லா வருதா?" என்றாள். "பிரமாதமா வருதும்மா. வால்வ முழுசாத் தொறந்து வைங்க" என்றேன். பொய்யில்லை. எந்த வீட்டுக்கு வருகிறது என்று அவள் கேட்கவில்லை. டிக்கெட் எடுக்காதே.