எட்டுப் பத்து பஸ்ஸின் தாமதம் குறித்த விசாரணை

பெற்றோருக்கு ஊர் சுற்றிக் காட்டுவது என்னும் மகத்தான காரியத்தை மனிதகுலம் இதுவரை ஏனோதானோவென்றுதான் செய்துவந்திருக்கிறது. அதை ஒரு துறையாகவே உயர்த்திய பெருமை அட்டவணையாரைத்தான் சேரும்.

அட்டவணையார் என்பது ஆபீஸில் வைத்த பெயர். எந்த வேலையை யார் எப்போது முடிக்க வேண்டும் என்று கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கலர் அடிப்பது அவர் உத்தியோகம். கட்டத்துக்குள் அடங்காத எதையும் அவர் நம்புவதில்லை. ஆள் தனிக்கட்டை. ஐந்து வருஷமாகப் போனில் "வாங்க, வாங்க" என்று உபசாரத்துக்குக் கூப்பிட்டுக்கொண்டிருந்ததில், அப்பாவும் அம்மாவும் ஒருநாள் நிஜமாகவே கிளம்பி வந்துவிட்டார்கள். இரண்டு வாரத்துக்கு.

மகன் அசரவில்லை. "பெற்றோர் வருகைத் திட்டம், பதிப்பு ஒன்பது" தயாராக இருந்தது. அருவி, அரண்மனை, படகுச் சவாரி, மெழுகு பொம்மைக் கூடம், பூச்சி அருங்காட்சியகம் என்று மொத்தம் பன்னிரண்டு சுற்றுலா. காலை எட்டுப் பத்துக்குத் தெருமுனை மருந்துக்கடை வாசலில் சொகுசு பஸ் வரும். சாயங்காலம் ஏழு மணிக்குக் கொண்டுவந்து இறக்கும். மகன் ஆபீஸிலிருந்து திரும்புவதற்குள் இருவரும் அடித்துப்போட்ட மாதிரி தூங்கிவிடுவார்கள். காலையில் மகனுக்குப் பல் துலக்கும்போதே போனில் மீட்டிங் ஆரம்பித்துவிடும். ஞாயிற்றுக்கிழமைக்குத் "தேங்கிய பணி" என்று பெயர். "வந்தவர்கள் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கக் கூடாது" என்ற திட்டத்தின் முதல் குறிக்கோள் இப்படியாக நூற்றுக்கு நூறு நிறைவேறியது.

அம்மா மட்டும், நீயும் கூட வாயேன் என்று முதல் நாள் கேட்டுப் பார்த்தார். மகன் மடிக்கணினியைத் திருப்பிவைத்துப் பொறுமையாக விளக்கினார். லீவு என்றால் மேலதிகாரி, அவருக்கு மேலதிகாரி, அவருக்கும் மேலே இருப்பவர் என மூவர் சம்மதிக்க வேண்டும். காலாண்டு முடிகிற நேரத்தில் அதை வாய்விட்டுக் கேட்பதே அபசகுனம். அம்மா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "கலரெல்லாம் நல்லா இருக்குப்பா" என்றார். அதைப் "பயனாளிகளின் திருப்தி" என்ற கட்டத்தில் மகன் உடனே பதிவு செய்துகொண்டார்.

அதற்காகப் பாசத்தில் அவர் குறை வைத்ததாக யாரும் நாக்கில் பல்லுப் போட்டுப் பேச முடியாது. தினமும் நிறுத்தம் வரை தாமே கூட நடந்து வந்து, இருவரும் பஸ்ஸில் ஏறுவதைப் போட்டோ எடுத்து, "ஏற்றியாயிற்று" என்று குறித்த பிறகுதான் ஆபீஸுக்குப் போவார். அந்த இடத்தில் இரண்டு உயரக் கட்டடங்களுக்கு நடுவே போனுக்குச் சிக்னல் வராது. அவ்வளவு பின்தங்கிய பிரதேசத்தில் போனைப் பைக்குள் போட்டுவிட்டு, பெற்றவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

முதல் நாள் பஸ் டாணென்று வந்தது. இரண்டாம் நாள் வழியில் பஞ்சர். இருபது நிமிடம் தாமதம். சும்மா நிற்கிற கொடுமையில் மகனுக்கு வாய் நழுவிவிட்டது. இந்த வருஷமும் தனக்குப் பதவி உயர்வு வரவில்லை, நேற்றுச் சேர்ந்த ஒருவனுக்குப் போய்விட்டது, இதை யாரிடமும் சொல்லவில்லை என்று சொல்லிவிட்டார். அம்மா அவருடைய சட்டைக் காலரை மடித்துவிட்டார். "போனாப் போகுது விடுறா" என்றார் அப்பா. அதற்குள் பஸ் வந்துவிட்டது.

மூன்றாம் நாளிலிருந்து சனி பிடித்துக்கொண்டது. பன்னிரண்டு நிமிடம், பதினேழு நிமிடம், பத்தொன்பது நிமிடம் என்று தினமும் தாமதம். அட்டவணையார் கைக்கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துப் பல்லைக் கடித்தார். நேரத்தை எப்படியாவது தள்ள வேண்டுமே என்று, சின்ன வயதில் ஸ்கூல் பஸ்ஸை வேண்டுமென்றே தவறவிட்டதை ஒருநாள் ஒப்புக்கொண்டார். அது அப்போதே தெரியும் என்றும், தானும் ஒருநாள் வேலைக்குப் போகாமல் மரத்துக்குப் பின்னால் நின்று அவன் ஒளிவதை வேடிக்கை பார்த்ததாகவும் அப்பா சொன்னார். மூவரும் சிரித்த சிரிப்பில் மருந்துக்கடைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். அச்சமயம் மணி எட்டு இருபத்தாறு என்றும், பஸ் அப்போதும் வரவில்லை என்றும் மகனின் புகார் எண் ஐந்து தெரிவிக்கிறது.

மகனுக்கு இரண்டு விஷயங்கள் மனதை உறுத்தின. அப்பா பஸ் டிப்போவில் முப்பத்தோரு வருஷம் டைம் கீப்பராக இருந்தவர். அவர் விசில் ஊதி ஒரு பஸ்ஸும் ஒரு நிமிடம் பிந்திக் கிளம்பியதில்லை. அப்பேர்ப்பட்ட மனிதர் இந்த அநியாயத்தைப் பார்த்துவிட்டு, ரோடு அப்படி என்று சமாதானம் சொல்கிறார். இன்னொன்று, பஸ் வருவதற்குச் சற்று முன்பு தினமும் கர்சீப்பை எடுத்து உதறி முகத்தைத் துடைக்கிறார், குளிரில்கூட. "அப்பா: வியர்வை அதிகம், டாக்டரிடம் காட்டவும்" என்று பதிப்பு பத்தில் மகன் கவலையோடு சேர்த்துக்கொண்டார்.

பத்துத் தாமதத்துக்குப் பத்துப் புகார் போனது. பஸ் கம்பெனியும் அசைந்து கொடுத்தது. டிரைவரை வேலையிலிருந்து நிறுத்திவைத்திருப்பதாகவும், வியாழக்கிழமை விசாரணை என்றும், புகார்தாரர் நேரில் வராவிட்டால் புகார் தள்ளுபடி ஆகும் என்றும் கடிதம் வந்தது. அட்டவணையார் சிங்கம்போல் எழுந்தார். கொள்கைப் பிரச்சினை என்று குறிப்பிட்டு ஒருநாள் லீவு கேட்டார். மூன்று மேலதிகாரிகளும் நான்கே நிமிடத்தில் கொடுத்துவிட்டார்கள்.

வீட்டில் சொன்னபோது அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. டிரைவருக்கு வேலை போய்விடுமா என்று கேட்டார். நியாயம் என்று ஒன்று இருக்கிறதல்லவா என்றார் மகன். அப்படியானால் நாங்களும் வருகிறோம் என்று இருவரும் கிளம்பினார்கள். கண்கண்ட சாட்சிகள் கிடைத்ததில் மகனுக்குப் பரம சந்தோஷம்.

பஸ் கம்பெனியின் ஆபீஸ் பழுதுபார்க்கும் கூடத்துக்கு மேலே இருந்தது. பெஞ்சில் முக்கால் மணி நேரம் காக்கவைத்தார்கள். அம்மா பையிலிருந்து ஆரஞ்சுப் பழத்தை எடுத்து உரித்து, சுளை சுளையாக மகனிடம் கொடுத்துக்கொண்டே இருந்தார். பிறகு விசாரணை அதிகாரி பத்துப் புகார்களையும் வரிவிடாமல் வாசித்தார். மொத்தத் தாமதம் இரண்டு மணி நாற்பத்தோரு நிமிடம். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்; என்ன கேட்டும் வாயைத் திறக்கவில்லை. சொல்வதற்கு ஒன்றுமில்லை என்றால் வேலைநீக்க உத்தரவைத் தயார் செய்கிறேன் என்று அதிகாரி பேனாவை எடுத்தார்.

அப்பா எழுந்தார்.

"சார், அவர் மேல தப்பே இல்ல. லேட்டா வரச் சொன்னது நான்தான்."

பிறகு எல்லாம் வெளியே வந்தது. பஞ்சரான நாள் சாயங்காலமே அப்பா டிரைவரிடம் பேசிவிட்டார். மருந்துக்கடைதான் முதல் நிறுத்தம். பஸ்ஸில் வேறு ஆள் இருக்காது. டிரைவர் நேரத்துக்கு வந்து, எதிர்த்தெரு பெட்ரோல் பங்க் ஓரமாக நின்றுகொள்வார். அப்பா கர்சீப்பை உதறினால் கிளம்பி வருவார். போன நேரத்தைத் தன் டீ குடிக்கிற நேரத்தில் பிடித்துக்கொள்வார். யாரிடமும் சொல்லாதீர்கள் என்று அம்மா கேட்டுக்கொண்டதால்தான் இத்தனை நேரம் வாயைத் திறக்காமல் நின்றார்.

"டைம் கீப்பரா இருந்த நீங்களே இப்படிச் செய்யலாமா?" என்றார் அதிகாரி.

"செய்யக் கூடாது சார். முப்பத்தோரு வருஷத்துல செஞ்சதில்ல."

அம்மா மெதுவாகச் சொன்னார்: "பையன் எழுதினது சரிதான் சார். ரெண்டு மணி நாப்பத்தோரு நிமிஷம். வந்ததுலேர்ந்து அவ்வளவு நேரந்தான் அவன் எங்ககூட இருந்தான்."

அட்டவணையாருக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏற்றியாயிற்று, ஏற்றியாயிற்று என்று தான் எடுத்து வைத்திருந்த பதினோரு போட்டோக்களும் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தன. எல்லாவற்றிலும் இருவரும் படியில் ஏறிவிட்டுத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்றார்.

அப்படியெல்லாம் சும்மா விட முடியாது, படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருக்கிறது, அதை நிரப்பினால்தான் கோப்பை மூடலாம் என்று அதிகாரி தாளை நகர்த்தினார். "தாமதத்துக்குக் காரணமானவர்" என்றது கட்டம். அட்டவணையார் பேனாவை வாங்கி, வாழ்க்கையில் முதல் தடவையாகக் கலர் எதுவும் அடிக்காமல், தன் பெயரை எழுதினார். டிரைவருக்கு மறுநாளே வேலையில் சேர உத்தரவு கிடைத்தது. அவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

எல்லோரும் எழுந்தார்கள். அம்மா மட்டும் எழுந்திருக்கவில்லை.

"நாளன்னிக்குத்தான் எங்களுக்கு பிளைட். நாளைக்கும் ஒரு விசாரணை வைக்க முடியுமா சார்?" என்று கேட்டார். "இதுக்குன்னா இவனுக்கு லீவு கிடைக்குது."