தவளைகளெல்லாம் உள்ளே இருக்கின்றன

அன்புள்ள சகலை அவர்களுக்கு,

நான் நலமில்லை. நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள். நேற்றிலிருந்து கைப்பேசியை அணைத்து வைத்திருப்பவருக்கு என்ன குறை வந்துவிடும்? குழந்தைகளுக்கு என் ஆசிகள். மரியாதைகள் முடிந்தன, விஷயத்துக்கு வருகிறேன்: எங்கள் மாடியறையில் நீங்கள் அமைத்துக் கொடுத்த சர்வர் படுத்துவிட்டது.

நேற்று மதியம் கரண்ட் போனது. போகட்டும் என்று படுத்திருப்பேன், ஆனால் சர்வருக்குப் பக்கத்தில் நீங்கள் வைத்த பேட்டரிப் பெட்டி விட்டுவிட்டுக் கத்த ஆரம்பித்தது, நானும் சாப்பிட்டுக் கண்ணயர்ந்த நேரம், எழுந்து போய் அதில் இருந்த ஒரே பொத்தானை அமுக்கினேன், அடங்கவில்லை, அடங்கும்வரை அமுக்கினேன், அடங்கியது, கூடவே சர்வரும் அடங்கியது. கரண்ட் வந்ததும் விளக்குகள் எரிந்தன, விசிறி சுற்றியது, உள்ளே மட்டும் ஒன்றுமே இல்லை. என் வீட்டுக்காரி வருடக்கணக்காகச் சேற்றில் நின்று பதிவு செய்த தவளைக் குரல்கள் இருந்த இடம் துடைத்துவிட்டதுபோல் காலி. அடுத்த மாதம் அவள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். இப்போதும் ஏதோ ஓடைக்கரையில் கூடாரத்தில்தான் இருக்கிறாள்.

கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரை அழைத்து வந்தேன். அவர் திரையைப் பார்த்துவிட்டு, தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து வெளியே வரும் மருத்துவரைப் போல என் தோளில் கை வைத்தார். நாலு டிஸ்க்கும் சேர்ந்து ஒரே குளம் மாதிரியாம், எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனதால் கடைசியாக எழுதியது என்ன என்பதற்கு நாலும் நாலு விதமாகச் சாட்சி சொல்கின்றனவாம், அதனால் குளம் திறக்க மறுக்கிறதாம். வேறு எங்காவது நகல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது, இதே சர்வரில் பக்கத்து ஃபோல்டரில் என்றேன். அதற்கு மேல் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. கடைசியாக எழுதியதை மட்டும் மறந்துவிட்டுத் திற என்று ஒரு கட்டளை இருக்கிறதாம். பலித்தால் எல்லாம் வரும், பிசகினால் எதுவும் வராது.

"இதை அமைச்சவர் ஒரு வார்த்தை சொல்லட்டும் சார். நானா கை வெச்சு, நாளைக்கு வீட்டம்மா வந்து கேட்டா நான் எங்க போறது?" என்றார். நான் எங்கே போவது என்று அவர் கேட்கவில்லை.

அந்த நேரம் பார்த்து அவளே போனில் வந்தாள். ஓடையில் ஒரு குரல் கேட்கிறதாம், போன வருடத்துப் பதிவு ஒன்றோடு ஒப்பிட வேண்டுமாம், உடனே போட்டுக் காட்டச் சொன்னாள். சர்வர் செத்துவிட்டது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. ஆமாம் சகலை, நானே தவளையாகக் கத்தினேன், அடித்தொண்டையிலிருந்து. பழுது பார்ப்பவர் எழுந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்தப் பக்கம் அவள் எதையோ குறித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "இன்னொரு தடவை போடுங்க" என்றாள். போட்டேன். "இதை எப்படிக் கவனிக்காம விட்டேன்? இதுக்குத் தனி அத்தியாயமே எழுதணுமே" என்றாள். திருமணமான இத்தனை வருடத்தில் என்னால் அவள் குரலில் இவ்வளவு சந்தோஷம் வந்து நான் கேட்டதில்லை. அழுகை வந்துவிட்டது.

ஆகவே, இதைப் பார்த்ததும் போன் செய்யுங்கள், அல்லது நேரில் வாருங்கள். உங்கள் வீட்டில் தங்கச்சிக்கு மட்டும் தெரிய வேண்டாம். அவளுக்குத் தெரிந்தால் அக்காவுக்குத் தெரிந்த மாதிரி. உங்கள் குடும்பம் எல்லா நலமும் பெற்று, என்னைப் போன்ற உறவினர் இனி ஒருவரும் வாய்க்காமல் வாழ வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மூத்த சகலை

பின்குறிப்பு: இதை அனுப்புவதற்குள், உங்களுக்காகக் காத்திருந்து அலுத்துப்போன பழுது பார்ப்பவர் கண்ணை மூடிக்கொண்டு கட்டளையைக் கொடுத்துவிட்டார். குளம் திறந்துவிட்டது. தவளைகள் அத்தனையும் பத்திரம். நீங்கள் வர வேண்டியதில்லை, போனும் வேண்டாம். ஒன்றே ஒன்று: நான் தட்டச்சு செய்யும் எதையும் சர்வர் தானாகவே அவள் மடிக்கணினிக்கும் அனுப்பும்படி நீங்கள் ஏற்பாடு செய்திருப்பது எனக்கு இதுவரை தெரியாது. சர்வர் எழுந்ததும் முதல் வேலையாக இந்தக் கடிதத்தைத்தான் அனுப்பியிருக்கிறது. இப்போதுதான் அழைத்தாள். பொத்தானைப் பற்றிக் கேட்கவில்லை, பேட்டரியைப் பற்றியும் கேட்கவில்லை. ஒரே கேள்விதான்.

"அந்தத் தவளை நீங்கதானா?"