குளியலறையில் ஒரு பயிற்சி வகுப்பு

குளியலறைக் கதவு உள்பக்கம் தாழிட்டுக்கொண்ட சத்தம் கேட்ட பிறகுதான், மூன்று வயது டெஸ்ஸாவோடு டேப்லெட்டும் உள்ளே போய்விட்டது என்பது கிளேட்டனுக்கு உறைத்தது. டேப்லெட்டில் பாலெட் இருந்தார்.

பாலெட் வின்னிபெக்கில் இருக்கும் பேச்சுப் பயிற்சியாளர். டவுன் சிண்ட்ரோம் உள்ள சிறு குழந்தைகளை வீட்டில் எப்படிப் பழக்குவது என்று பெற்றோருக்குத் திரை வழியே சொல்லிக்கொடுப்பவர். கிளேட்டன் குடும்பம் இருக்கும் ஃபிளின் ஃபிளானிலிருந்து அவரை நேரில் போய்ப் பார்ப்பதென்றால் ஒரு பகல் முழுக்கப் பனியில் வண்டி ஓட்ட வேண்டும். எப்போதும் வகுப்பில் உட்காருவது மனைவி நோரீன்தான். இன்று அவளுக்கு ஆஸ்பத்திரியில் பகல் ஷிப்ட்.

"நீ பாட்டுக்குப் பேசிட்டே இருக்காத. பாலெட் சொல்றதக் கேளு," என்று எச்சரித்துவிட்டுத்தான் போயிருந்தாள்.

டெஸ்ஸா ஒற்றைச் சொல்லாகத்தான் பேசுவாள். பால். நாய். வேணாம். இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வைக்கத்தான் கோடை முடிந்ததிலிருந்து இந்தப் பாடு.

வகுப்பு தொடங்கியதுமே, "கேள்வியக் குறைங்க. சும்மா காத்திருங்க," என்றார் பாலெட்.

கிளேட்டன் காத்திருந்தான், ஒரு மூச்சு விடும் நேரம். அப்புறம், "பந்து வேணுமா? பெரிய பந்தா? நீலப் பந்தா? அப்பாகிட்ட சொல்லு கண்ணு!"

டெஸ்ஸா டேப்லெட்டைத் தூக்கிக்கொண்டு குளியலறைக்கு நடையைக் கட்டினாள்.

"தாழ்ப்பாளத் திற செல்லம்! பாலெட், வெந்நீர்க் குழாயத் திருகிடப் போறா!"

"காஞ்ச தொட்டிக்குள்ளதான் உக்காந்திருக்கா. நான் பாத்துட்டுதான் இருக்கேன். நீங்க கொஞ்சம்..."

மீதியை அவன் கதவைத் தட்டிய தட்டே அமுக்கிவிட்டது.

நோரீனின் ஹேர்பின்னைக் கைப்பிடியின் பூட்டுத் துளையில் விட்டுத் திருகினான். பாதி ஒடிந்து உள்ளே நின்றுகொண்டது. ஸ்க்ரூடிரைவர் எடுத்து வந்து கைப்பிடியைக் கழற்றினான். இந்தப் பக்கத்துப் பாதி அவன் கையோடு வந்தது. அந்தப் பக்கத்துப் பாதி 'டங்'கென்று உள்ளே விழுந்தது. இனி டெஸ்ஸாவே மனது வைத்தாலும் கதவு திறக்காது.

பக்கத்து வீட்டு டுவைனைக் கூப்பிட்டான். டுவைன் பூட்ஸோடு வந்து நின்று நிதானமாகப் பார்த்தான்.

"கொழந்த உள்ள. நீ வெளிய. கைப்பிடி உன் கையில. பிரமாதமாத்தான் வேல பாத்திருக்க."

"கிண்டல் அப்புறம் பண்ணுப்பா. ஏணி இருக்கா?"

வெளியே குளிர் காதைக் கடித்தது. கிளேட்டன் ஏணியில் ஏறி ஜன்னல் கண்ணாடியில் உறைந்திருந்த பனியை நகத்தால் சுரண்டினான். உள்ளே தொட்டியில் டெஸ்ஸா. சத்தம் கேட்டு நிமிர்ந்து, அவனைப் பார்த்து வாயை அசைத்தாள்.

"அப்பாங்கிறா! டுவைன், என்னத்தான் கூப்புடுறா!"

"அழுறாளா?"

"இல்ல. ஆனா திரும்பத் திரும்பக் கூப்புடுறா!"

அவளுக்குக் கையாட்டப் போனான். ஏணி சறுக்கியது. குவிந்திருந்த பனிக்குள் இடுப்புவரை புதைந்தான்.

"எழுந்திருப்பா," என்று கை கொடுத்தான் டுவைன். "டிரில்லிங் மெஷின எடுத்துட்டு வரேன்."

மெஷின் வீடே அதிர உறுமியது. நடுநடுவே உள்ளேயிருந்து ஏதோ குரல்கள் வந்தன. "இதோ வந்துட்டேண்டா கண்ணு! அப்பா வந்துட்டேன்!" என்று அதற்கு மேல் கத்தினான் கிளேட்டன். கடைசியில் பூட்டோடு சேர்ந்து கதவின் ஒரு பலகையும் பெயர்ந்து விழுந்தது.

"கதவப் பத்தி நோரீன்கிட்ட நீயே சொல்லிக்க," என்று நகர்ந்துகொண்டான் டுவைன்.

தொட்டியில் டெஸ்ஸா ரப்பர் வாத்துகளை வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். ஷாம்பூ பாட்டிலில் சாய்த்திருந்த டேப்லெட்டில் பாலெட் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிளேட்டன் தலைகுனிந்தான். "மன்னிச்சிருங்க. இன்னிக்கு வகுப்பே வீணாப் போச்சு. பாவம், பயந்துபோய் என்னையே கூப்புட்டுட்டு இருந்தா, இல்ல?"

"வீணா? ஒண்ணு ஒண்ணா பேசின பொண்ணு, முதல் தடவையா ரெண்டு வார்த்தையச் சேத்துச் சொல்லிட்டா, கிளேட்டன்!" என்றார் பாலெட். "நீங்க கதவத் தட்டுறப்ப, ஜன்னல்ல எட்டிப் பாக்குறப்ப, டிரில் போடுறப்ப, ஒவ்வொரு தடவையும் தெளிவா சொன்னா: 'அப்பா, போ!'"