மகான் வாய் வைத்த ஃபில்டர்

உலகம் தோன்றிய நாள் முதல் இன்றுவரை எந்த மீனும் பொய் சொன்னதில்லை.

இதைச் சொல்லிவிட்டு மீனய்யா கண்ணை மூடிக்கொள்வார். மறுக்க யாராலும் முடியவில்லை. மறுக்க முயன்றவர்களும் இல்லை. எல்லோரும் கையில் தண்ணீர் பாட்டிலோடு வரிசையில் நின்றார்கள்.

அந்த வரிசை அவருடைய வண்ணமீன் கடைக்குள் தொடங்கி, பேருந்து நிறுத்தம் வரை போயிருந்தது. பேருந்துக்கு வந்த சிலர் தெரியாமல் இதில் நின்று, தள்ளுமுள்ளில் உள்ளே போய், ஃபில்டர் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனதும் உண்டு. வீட்டில் மீன் தொட்டியே இல்லையே என்பது அப்புறம்தான் அவர்களுக்கு உறைத்தது. மறுநாள் வந்து தொட்டியும் வாங்கினார்கள்.

கடைக்குள் நீளமான ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தங்கமீன். அதை மீன் என்று சொல்லக் கூடாது. மகான். தொட்டிக்கு வெளியே, கண்ணாடியை ஒட்டி, விதவிதமான ஃபில்டர்கள் அணிவகுத்திருக்கும். வாடிக்கையாளர் தம் வீட்டுத் தொட்டித் தண்ணீரைக் கொண்டுவர வேண்டும். மீனய்யா அதில் ஒரு கரண்டி எடுத்து மகானின் தொட்டியில் ஊற்றுவார். மணியடிப்பார். கண்ணை மூடுவார். மகான் அந்தத் தண்ணீரைச் சுவைத்து, அந்தக் குடும்பத்தின் நல்லது கெட்டதையெல்லாம் உணர்ந்து, எந்த ஃபில்டருக்கு முன்னால் போய் வாயைத் திறந்து மூடுகிறாரோ, அதுதான் அந்த வீட்டுக்கு.

மகானுக்கு உயர்ந்த ரசனை. வலது கோடியில் வீற்றிருக்கும், கடையிலேயே விலை கூடிய ராஜ ஃபில்டரைத் தவிர வேறு எதையும் அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. எப்போதும் ஒரே பக்கம்தானே போகிறது என்று யாரோ ஒருவர் முனகினாராம். உண்மை ஒரே பக்கம்தான் இருக்கும் என்று வரிசையே திரும்பி அவர் வாயை அடைத்தது.

அன்றைய வரிசையில் சலூன்காரரும் நின்றார். அவர் நிலைமை அப்படி. காத்திருக்கும் வாடிக்கையாளர்களுக்குப் பொழுது போகட்டும் என்று கடையில் ஒரு சின்னத் தொட்டி வைத்தவர், முதல் நாளே அதில் ஒரு மீன் பட்டாளத்தை இறக்கினார். வேளைக்கு ஒரு பிடி தீனி போட்டார். ஆற்றில் எந்த மீன் ஃபில்டர் மாட்டிக்கொண்டு திரிகிறது என்று கேட்டார். மீன்கள் பதில் சொல்லாமல் மல்லாந்தன. சலூனில் இரண்டு சுவரிலும் கண்ணாடி. ஒரு மீன் செத்தால் நாற்பது மீன் செத்த மாதிரி தெரியும். கழுத்தில் கத்தி இருக்கும்போது எதிரே அந்தக் காட்சியைப் பார்க்க எந்த மனிதனுக்கும் மனம் வராது. அவர் கை ராசியில்லாத கை என்று தெருவில் பேச்சு கிளம்பியது. முதலில் சவரத்துக்கு வருகிறவர்கள் நின்றார்கள். பிறகு முடி வெட்டிக்கொள்கிறவர்களும் எதிர்ச்சாரிக் கடைக்கு மாறினார்கள். இப்போது தொட்டியில் மிச்சம் ஒரே ஒரு கறுப்பு மீன். அதுவும் போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்று சலூன்காரர் முடிவுகட்டியிருந்தார்.

பக்கத்தில் அவர் மனைவி. துணி துவைக்கும் இயந்திர நிறுவனம் ஒன்றில் புகார்த் தொலைபேசியை எடுப்பவர். எங்கள் இயந்திரத்தில் பேய் புகுந்துவிட்டது என்று அழுகிறவர்களிடமும் அவர் கேட்கும் முதல் கேள்வி, பிளக்கைச் சொருகினீர்களா என்பதுதான்.

அவர்களுக்கு முன்னால் நின்றவர் தபால்காரர். ஏற்கெனவே ராஜ ஃபில்டர் வாங்கிப் போனவர்.

"அதை மாட்டினதுலேர்ந்து என் மீன் நிக்காம சுத்துதுங்க" என்றார்.

"ஆனந்தம்" என்றார் மீனய்யா.

"தலை எது வால் எதுன்னே தெரியலைங்க."

"பேரானந்தம்."

தபால்காரர் கண் கலங்க நகர்ந்தார். சலூன்காரரின் மனைவி மூலையில் தொங்கிய ஒன்றைக் காட்டினார். "அந்தப் பஞ்சு மாதிரி இருக்கே, அது என்னங்க?"

மீனய்யா சிரித்தார். அவர் சிரித்ததால் வரிசையும் சிரித்தது. "அதும்மா, பாத்திரம் தேய்க்க வேண்டியதைத் தப்பா இங்க அனுப்பிட்டாங்க. ஒரு பஞ்சு, ஒரு குழாய், நாலு குமிழி. அதைப் போட்டா மீன் அவமானத்துலயே செத்துடும்."

சலூன்காரர் மனைவியின் முழங்கையை இடித்தார். பெரிய இடத்தில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதா என்பது அதற்குப் பொருள்.

மனைவியும் சும்மாதான் இருந்தார். கண் மட்டும் சும்மா இல்லை. தொட்டியின் வலது கோடிக் கண்ணாடியில் காய்ந்த தீனித் துகள் அப்பியிருந்தது. மற்ற இடமெல்லாம் பளிங்கு. அந்தக் கோடிக்கு மேல் அலமாரியில் தீனி டப்பா. சலூன் தொட்டித் தண்ணீரில் ஒரு கரண்டி ஊற்றிவிட்டு மீனய்யா மணியைத் தொட்டவுடனேயே, அதைச் சுவைத்துக்கூடப் பார்க்காமல், மகான் வலது பக்கம் கிளம்பிவிட்டார்.

மணி அடித்தது. மீனய்யா கண்ணை மூடினார். சலூன்காரரின் மனைவி ராஜ ஃபில்டரை இரண்டு கையாலும் தூக்கித் தரையில் வைத்தார்.

"ஏங்க, செருப்பைக் கழட்டுங்க."

சலூன்காரர் ஏன் என்று கேட்கவில்லை. கல்யாணமாகிப் பல வருடம். கழற்றிக் கொடுத்தார். அது ராஜ ஃபில்டரின் இடத்தில் அமர்ந்தது. மகான் பாய்ந்து வந்து அதன் முன்னால் வாயைத் திறந்து மூடினார்.

"வந்துட்டாரா?" மூடிய கண்ணோடு மீனய்யா கேட்டார்.

"வந்துட்டாருங்க."

"வாயசைக்கிறாரா?"

"விடவே மாட்டேங்குறாருங்க."

"இதுதாம்மா உங்க தொட்டிக்குன்னு பிறந்தது. இன்னைக்கே தண்ணிக்குள்ள இறக்கிடுங்க. தண்ணி கண்ணாடி மாதிரி ஆயிடும். விலையைப் பார்க்காதீங்க."

"பார்க்கலைங்க. வாரு பிஞ்சிருக்கு, அது பரவாயில்லையா?"

மீனய்யா கண்ணைத் திறந்தார்.

வரிசையின் நடுவிலிருந்து ஒரு பக்தர், இடது காலா வலது காலா என்று அடக்கமாக விசாரித்தார். மீனய்யா சுதாரித்துக்கொண்டு, மகான் நம்மைச் சோதிக்கிறார் என்றார். அப்படியானால் நாமும் கொஞ்சம் சோதிக்கலாம் என்று அந்த அம்மாள் செருப்பை எடுத்துவிட்டு மணியை மறுபடி அடித்தார். மகான் வெறும் கண்ணாடிக்கு முன்னால் வாயசைத்தார். ராஜ ஃபில்டரை இடது கோடியில் வைத்து மணியடித்தார். மகான் அந்தப் பக்கம் முதுகைக் காட்டி நின்றார். கடைசியில் அலமாரியிலிருந்த டப்பாவை எடுத்து இடது பக்கம் ஒரு சிட்டிகை தூவினார். மகான் தம் வாழ்நாள் தத்துவத்தை அந்த நொடியே கைவிட்டு இடது பக்கம் ஓடினார்.

"அதுக்குப் பசிங்க. வேற ஒண்ணும் இல்ல" என்றார் சலூன்காரரின் மனைவி.

தபால்காரர் திரும்பி வந்தார். "அப்போ என் மீனுக்கு ஆனந்தம் இல்லையா?"

"மயக்கங்க. சின்னத் தொட்டிக்கு இவ்வளவு பெரிய மோட்டார் போட்டா, மெஷின்ல துணி சுத்துற மாதிரிதான் சுத்தும். முதல்ல போய் நிறுத்துங்க."

தபால்காரர் ஓடினார். சிலர் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டார்கள். சிலருக்கு அந்த அம்மாள்மேல்தான் கோபம். நன்றாகப் போய்க்கொண்டிருந்ததைக் கெடுத்துவிட்டாளாம்.

சலூன்காரரும் மனைவியும் அந்தப் பஞ்சு ஃபில்டரை வாங்கிக்கொண்டு வந்தார்கள். பஞ்சைக் குழாயடியில் தேய்த்துக் கழுவக் கூடாது; தொட்டித் தண்ணீரையே ஒரு வாளியில் எடுத்து, அதில் மெல்லப் பிழிய வேண்டும்; பஞ்சுக்குள் பெருகும் கண்ணுக்குத் தெரியாத கிருமிகள்தான் மீனின் கழிவைத் தின்று தண்ணீரைக் காப்பாற்றுகின்றன என்று பெட்டியில் எழுதியிருந்ததை மனைவி படித்தார்.

சலூன்காரருக்குப் பொறுக்கவில்லை. "கண்ணுக்கே தெரியாதாம். அழுக்குக்குள்ள உக்காந்து காப்பாத்துமாம். இதை மட்டும் நான் நம்பணுமா?"

"நம்பாதீங்க. தீனியைக் குறைச்சுட்டு, ஒரு மாசம் பாருங்க. மீன் செத்தா என்னைக் கேளுங்க."

பார்த்தார். கறுப்பு மீன் சாகவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விட்ட புது மீன்களும் சாகவில்லை. எப்போது சாகும் என்று பார்க்க வந்தவர்கள், வந்ததற்கு முடியும் வெட்டிக்கொண்டு போனார்கள்.

ஒருநாள் மீனய்யாவும் வந்தார். தலையைக் குனிந்து முடி வெட்டிக்கொண்டார். கிளம்பும்போது, கடையில் வேறு யாரும் இல்லை என்று நிச்சயம் செய்துகொண்டு, சலூன்காரரின் காதருகே குனிந்தார்.

"அந்தப் பஞ்சை எந்தத் தண்ணில பிழியணும்?"

சலூன்காரர் சொன்னார். மறுவாரம் அந்தப் பக்கம் போனபோது, பாதி இறக்கிய ஷட்டருக்குள் மீனய்யா வாளிக்கு முன்னால் குந்தியிருந்தார். கையில் கறுப்புப் பஞ்சு. அதை மெல்ல, மிக மெல்ல, பிழிந்துகொண்டிருந்தார்.

கடை வாசலில் வரிசை இல்லை. அது அடுத்த தெருவுக்குப் போயிருந்தது. அங்கே ஒரு நத்தை வரன் பார்த்துச் சொல்கிறதாம். மகானைக் குறை சொல்ல முடியாது. அவர் மீன். தீனி விழுந்த பக்கம் போனார். கழுத்துக்கு மேலே முழுசாக ஒரு தலையை வைத்துக்கொண்டு அந்த வரிசையில் நிற்கிறவர்களே, உங்களுக்கு அங்கே என்ன விழுகிறது?